வயதுக் கணக்கு, அனுபவக் கணக்கு: ஜியாலஜி படித்தவர் எந்த வழியில் போகலாம்?

பெங்களூர் லால்பாக் பாறைமேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் அக்கா மகளும் உட்கார்ந்திருந்தோம். அவள் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வந்திருந்தாள். ஜியாலஜி எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். கையில் ஒரு நோட்டு. பக்கத்தை நான்காகப் பிரித்து யு.பி.எஸ்.சி., கேட், பிரைவேட், பிஎச்.டி. என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் சம்பளத்தை மட்டும் குறித்து வைத்திருந்தாள்.

“சித்தி, இதுல எதுக்குப் போகலாம்? நீங்களே சொல்லிடுங்க. அப்பா தினமும் கேக்கிறாரு.”

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் கே.ஆர். புரத்திலும் இதே கேள்வியோடு என்னைத் தேடி வருகிற தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. 2009-ல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நானும் இதே குழப்பத்தில்தான் நின்றேன். சொல்லித்தர அப்போது யாரும் இல்லை. அதனால் அன்று அவளிடம் பேசியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சம்பள வரிசையை அடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் இரண்டு கேள்வி. இந்த வழிக்கு வயது வரம்பு என்ன? இந்த வழியில் போகும் ஒவ்வொரு வருடமும் பின்னால் யாராவது ஏற்றுக்கொள்ளும் அனுபவமாகச் சேருமா, சேராதா?

நம் தொழிலில் இந்த இரண்டு கணக்கும் எதிரெதிராக ஓடுகின்றன. அரசுத் தேர்வுகள் எல்லாம் வயதைப் பார்க்கின்றன. தொழில் தகுதிகள் எல்லாம் அனுபவத்தைப் பார்க்கின்றன. ஒன்றுக்காகக் காத்திருக்கும் காலம் மற்றொன்றில் பூஜ்யமாக விழும். இதை 22 வயதில் யாரும் யோசிப்பதில்லை. 30-ல் யோசிக்கும்போது பாதி கதவு சாத்தியிருக்கும்.

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் ஜியாலஜிஸ்ட்டைப் பதிவு செய்யச் சட்டப்படியான அமைப்பு இந்தியாவில் இல்லை. நம் கையெழுத்துக்கு மதிப்பு வருவது தனித்தனி விதிகளின் வழியாக. சுரங்கத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் வந்த கனிமச் சலுகை விதிகளின்படி அதைத் தயாரிப்பவருக்குச் சுரங்கப் பொறியியல் பட்டமோ ஜியாலஜி முதுகலைப் பட்டமோ வேண்டும். அதோடு, பட்டம் வாங்கிய பிறகு சுரங்கத் துறையில் மேற்பார்வைப் பொறுப்பில் 5 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். கனிம இருப்பை உலகத் தரத்தில் அறிவிக்க 2019-ல் இந்தியா தனக்கென ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் நெறிமுறை போன்றது. அதில் ‘தகுதியுள்ள நபர்’ என்று கையெழுத்துப் போட, அதே வகைக் கனிமத்தில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் ஜியாலஜி நிபுணராகவோ நிலத்தடி நீர் நிபுணராகவோ பெயர் வர, இந்தியத் தர மன்றத்தின் நேபெட் அமைப்பு தரும் அங்கீகாரம் வேண்டும். அங்கும் முதல் கேள்வி, எத்தனை வருடம், எந்த வேலையில் என்பதுதான். மதிப்பெண் பட்டியலை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்ப்போம்.

யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வைத்தான் எல்லா வீட்டிலும் முதலில் சொல்வார்கள். அதற்கு நியாயமும் உண்டு. ஜி.எஸ்.ஐ. என்கிற இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 1851-ல் தொடங்கியது. நாடு முழுக்கப் பாறையை நடந்து பார்க்கவும், வரைபடம் போடவும், அதற்குச் சம்பளம் வாங்கவும் இதைவிடப் பெரிய இடம் இல்லை. குரூப் ஏ பதவி, 10-ஆம் சம்பள நிலை, தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். இதே தேர்வில் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். ஜியாலஜி எம்.எஸ்சி. வேண்டும். கடைசி வருடத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். வயது 21-லிருந்து 32, ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு.

2020 முதல் தேர்வு மூன்று கட்டம். முதல்நிலையில் பொது அறிவு 100, பாடம் 300, இரண்டும் கொள்குறி வகை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். மெயினில் தலா 200 மதிப்பெண்ணுக்கு மூன்று தாள், எல்லாம் எழுதும் வகை. நீரியல் பதவி கேட்பவர்களுக்கு மூன்றாம் தாள் நிலத்தடி நீரியல். கடைசியாக 200 மதிப்பெண்ணுக்கு நேர்முகம். அறிவிப்பு செப்டம்பரில், முதல்நிலை பிப்ரவரியில், மெயின் ஜூனில் என்பது அண்மைக்கால வழக்கம்.

சிக்கல் இடங்களின் எண்ணிக்கையில்தான். 2023 தேர்வுக்கு 285 இடம் அறிவித்தார்கள். 2024-க்கு 56. 2025-க்கு 85. இதில் ஜியோபிசிக்ஸ், கெமிஸ்ட்ரிக்காரர்களின் இடங்களும் அடக்கம். நீங்கள் நன்றாகப் படித்த வருடமும் நிறைய இடம் வந்த வருடமும் ஒன்றாக அமைவது உங்கள் கையில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் 23-ல் உட்கார்ந்தவன் 29-ல்தான் எழுந்தான். கெட்டிக்காரன். இரண்டு முறை நேர்முகம் வரை போனான். விட்டுவிட்டு வேலை தேடியபோது ஆறு வருடத்துக்கு எழுத ஒரு வரி இல்லை. 23 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் சம்பளத்தைத்தான் அவனுக்கும் கொடுத்தார்கள். அவனைவிட நான்கு வயது இளைய பையன் அங்கே அவனுக்கு சீனியர். அந்த வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டு முயற்சியை முழு மனதோடு எழுதுங்கள். முதல் முயற்சியை எம்.எஸ்சி. கடைசி வருடத்திலேயே எழுதுங்கள். மூன்றாவது முயற்சி எழுதுவதானால் வேலையில் இருந்துகொண்டு எழுதுங்கள்.

“ஃபீல்டு வேலையில இருந்துக்கிட்டு எப்படிப் படிக்கிறது சித்தி?” என்று கேட்டாள். சிரமம்தான். குளிர்காலத்தில் கேம்ப் மும்முரமாக இருக்கும். அப்போதுதான் முதல்நிலைக்குத் தயாராக வேண்டும். ஆனால் மெயின் தாளில் மடிப்பு, பிளவு, தாது நரம்பு என்று கேள்வி வரும்போது பாறையில் அதைக் கையால் தொட்டவர் எழுதும் விடை வேறு மாதிரி இருக்கும். நேர்முகத்தில் அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

அரசு வேலை பற்றி கே.ஜி.எஃப். வீடுகளில் இருக்கும் எண்ணத்தையும் இங்கே பேச வேண்டும். என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில் ஓட்டியவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கத்திலிருந்து போன தமிழர்களின் உழைப்பு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். அதைப் பார்த்த தலைமுறை, “கம்பெனியை நம்பாதே, கவர்மெண்ட் வேலைக்குப் போ” என்று பிள்ளைகளிடம் சொல்கிறது. அக்கா வீட்டுக்காரரும் அதையேதான் சொல்கிறார். அவர் பட்ட கஷ்டத்தில் வரும் வார்த்தை அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் மூடப்பட்ட அந்தச் சுரங்கமே மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனம்தான். அன்று மறுவேலை தேடிக்கொள்ள முடிந்தவர்கள், வேறு சுரங்கத்தில் எடுபடும் சான்றிதழும் அனுபவமும் கையில் வைத்திருந்தவர்கள்.

பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வு இதைவிட எளிதாகத் தோளில் தூக்கக்கூடிய சுமை. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், ஜியாலஜிக்கும் ஜியோபிசிக்ஸுக்கும் ஒரே தாள், உள்ளே பிரிவு வேறு. மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். எம்.டெக். சேரலாம். ஓ.என்.ஜி.சி., கோல் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் சில ஆண்டு கேட் மதிப்பெண்ணைக் கேட்கும், சில ஆண்டு தாங்களே கணினித் தேர்வு வைக்கும். அறிவிப்பு வரும் ஆண்டும் சீராக இருக்காது. எனவே இதை ஒரு தனி வழியாக நினைக்காமல் கையில் வைத்திருக்கும் சீட்டாக நினைக்கலாம். யு.பி.எஸ்.சி. பாடமும் கேட் பாடமும் பெருமளவு ஒன்றுதான்.

பலர் தவற விடும் ஒரு கதவு அணுக் கனிம இயக்ககம். தலைமையிடம் ஹைதராபாத், பெங்களூர் நாகரபாவியில் மண்டல அலுவலகம். அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி வழியாக ஜியாலஜிக்காரர்களை எடுக்கிறார்கள். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 26. எல்லாக் கதவுகளிலும் சீக்கிரம் சாத்தும் கதவு இது. அதனால் வரிசையில் முதலில் வைக்க வேண்டியது. மண்டியா மாவட்டம் மார்லகல்லாவில் லித்தியம் தேடி 1,600 டன் இருப்பைக் கணித்தவர்கள் இவர்கள்தான்.

இனி நான் வந்த வழி. இதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு நுழைகிறார்கள்.

2009-ல் எனக்கு உடனே கிடைத்த வேலை பெங்களூரில் ஒரு மேப்பிங் கம்பெனியில். ஏ.சி. அறை, வீட்டிலிருந்து ஒரே பஸ். செயற்கைக்கோள் படத்தில் சாலையையும் கட்டடத்தையும் கோடு கோடாக வரைய வேண்டும். இரண்டு வருடம் வரைந்தேன். வெளியே வரும்போது கொடுத்த அனுபவச் சான்றிதழில் பதவியின் பெயர் ‘டேட்டா எக்சிகியூட்டிவ்’. பாறை என்ற சொல்கூட அந்தத் தாளில் இல்லை. பிறகு கலபுரகி பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்ட்டாகச் சேர்ந்தேன். பின்னாளில் சுரங்கத் திட்டத்தில் கையெழுத்திடும் தகுதிக்காகக் கணக்குப் பார்த்தபோது அந்த இரண்டு வருடத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சேர்ந்த அன்று பதவியின் பெயரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான் செய்த பிழை. அந்த நிறுவனமும் விளம்பரத்தில் ‘ஜியாலஜி பட்டதாரிகள் தேவை’ என்று போட்டுவிட்டு ஆர்டரில் வேறு பெயர் எழுதியது.

ஆகவே கணினியில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். வேலை வேண்டாம் என்கிறேனா? இல்லை. க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் தெரியாத ஜியாலஜிஸ்ட்டுக்கு இன்று வேலை கிடைப்பது கடினம். டேராடூன் ஐ.ஐ.ஆர்.எஸ்.ஸில் ரிமோட் சென்சிங் எம்.டெக். படித்துவிட்டுக் கனிம ஆய்வில் அதைப் பயன்படுத்துபவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். பெங்களூரில் எண்ணெய் நிறுவனங்களின் தொழில்நுட்ப மையங்களும் உண்டு. நில அதிர்வு அலைத் தரவு படிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே மேசை வேலையே உண்மையான ஜியாலஜி வேலைதான். நான் எச்சரிப்பது வெறும் கோடு வரையும் வேலையை. அதில் கணினி வளரும், நீங்கள் வளர மாட்டீர்கள்.

கனிம ஆய்வுக்கு இது நல்ல காலம். 2023 ஜூனில் மத்திய அரசு 30 முக்கியக் கனிமங்களின் பட்டியல் வெளியிட்டது. 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு 16,300 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. தனியார் ஆய்வு நிறுவனங்கள் நேபெட் அங்கீகாரம் பெற்று அரசுப் பணத்தில் துளையிட்டுத் தேட வழி திறந்திருக்கிறது. அந்த அங்கீகாரத்துக்கு அவர்கள் ஜியாலஜிஸ்ட்டுகளைக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் எம்.எஸ்சி. முடித்த கையோடு எடுக்கிறார்கள். தொடக்கச் சம்பளம் பெங்களூர் ஐ.டி. பிள்ளைகள் வாங்குவதோடு ஒப்பிடவே முடியாது. அதை மறைக்க விரும்பவில்லை. ஊருக்கு வெளியே தகர ஷெட்டில் தங்கல், ரிக் என்கிற துளையிடும் இயந்திரம் ராத்திரி பகல் ஓடும், டீசல் வாசனை சோற்றிலும் இருக்கும்.

ஆனால் துளையிலிருந்து வரும் உருளைப் பாறைத் துண்டுகளை, அதாவது கோரை, அடுக்கிய பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கற்பது வேறு எங்கும் வராது. அன்று நோட்டிலேயே அவளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ரிக் ஒரு தடவையில் 150 செ.மீ. இறங்கியது. வெளியே வந்த கோரில் 10 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள துண்டுகளை மட்டும் எடு: 28, 15, 34, 12, 11. கூட்டினால் 100. 150-க்கு 100, அதாவது 67 சதவீதம். பாறை நடுத்தரம் என்று புத்தகம் சொல்லும். இதுவரை வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். ஆனால் 12-ம் 15-ம் ஒரே துண்டாக வந்திருக்கலாம். பெட்டியில் இடம் போதாமல் ரிக் ஆள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். இரண்டு முனையையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். முறிந்த முகம் புத்தம்புதுசாகப் பளபளத்தால் அது மனிதன் உடைத்தது. துரு நிறமோ மெல்லிய களிமண் படலமோ ஒட்டியிருந்தால் அது பாறையிலேயே இருந்த விரிசல். அதன் வழியே தண்ணீர் போயிருக்கிறது. சுரங்கப்பாதை தோண்டும்போது அங்கேதான் கூரை உதிரும்.

பெங்களூர் மெட்ரோவின் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். இந்த லால்பாக் பாறையும் அதே வகை நைஸ் என்னும் உருமாறிய பாறைதான், வயது சுமார் 300 கோடி ஆண்டு. ஜி.எஸ்.ஐ. இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மேலே பார்த்தால் ஒரே உருண்டைப் பாறை. கீழே பாதி கெட்டிப் பாறை, பாதி மட்கிய மண், நடுவில் யானை அளவு உருண்டைகள். தோண்டும் இயந்திரத்துக்கு முழுக் கெட்டியும் பிரச்சினை இல்லை, முழு மண்ணும் பிரச்சினை இல்லை. இரண்டும் கலந்து வருவதுதான் பிரச்சினை. ஆகவே சுரங்கப்பாதை வேலையில் ஜியாலஜிஸ்ட் தேவை நிலையாக இருக்கிறது. கர்நாடகத்தில் முடிந்தால் இமயமலையில் நீர்மின் நிலையம், ரயில் சுரங்கம் என்று தொடரும். சம்பளம் கனிம ஆய்வைவிடக் கொஞ்சம் மேல். ஷிப்ட் கடுமை. அந்த அனுபவம் பொறியியல் ஜியாலஜி ஆலோசகராக வளர உதவும். சுரங்கத் திட்டத் தகுதிக்கு உதவுமா என்றால், அது கேட்பது கனிமச் சுரங்க மேற்பார்வை. இந்த வேறுபாட்டைச் சேரும் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் தனியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 1952 சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது. 2019-ல் மத்திய அரசு விலக்கு அளித்தது. தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பதவிகளில் பெண்கள் பகல் நேரத்தில் கீழே இறங்கலாம், எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு என்று அப்போது விதி வந்தது. என் தாத்தா இறங்கிய ஆழத்துக்கு என்னால் இறங்க முடிந்ததில்லை. ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கத்தில் இவள் இறங்கலாம். அதைச் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

இப்போது நான் செய்யும் தொழில் நிலத்தடி நீர். 2024 கோடையில் பெங்களூரில் ஆயிரக்கணக்கான போர்வெல்கள் வறண்டு, டேங்கர் லாரிக்குப் பின்னால் மக்கள் ஓடியதை எல்லாரும் பார்த்தோம். கோலார் பக்கம் 1,000 அடியைத் தாண்டிய போர்வெல் சாதாரணம்; அதிலும் புளூரைடு. தண்ணீர் பார்க்க விவசாயி முதலில் கூப்பிடுவது உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடப்பவரை. அவர் வாங்குவது குறைவு. நாம் நான்கு கம்பியை நிலத்தில் அடித்து மின்தடையை அளந்து, மட்கிய பாறை எத்தனை அடி, அடியில் விரிசல் இருக்க வாய்ப்புண்டா என்று சொல்வோம். நாம் சொல்லும் ‘வாய்ப்பு’ என்ற சொல் விவசாயிக்குப் பிடிக்காது. தேங்காய்க்காரர் ‘நிச்சயம்’ என்பார். கடன் வாங்கித் துளையிட வந்த ஒருவரிடம் “இங்கே வேண்டாம் அண்ணா, தண்ணி வர்ற அறிகுறி இல்லை” என்று சொல்லத் துணிவு வேண்டும். சொன்னால் அன்றைய கூலியும் சில சமயம் போகும். எனக்குப் பலமுறை போயிருக்கிறது. ஆனால் தோண்டாமல் தப்பித்த பணத்தைச் சொல்லிச் சொல்லித்தான் அடுத்த ஊரில் வேலை வரும்.

நிலையான வருமானம் வருவது விவசாயியிடமிருந்து இல்லை. தொழிற்சாலை, குவாரி, அடுக்குமாடித் திட்டங்களின் அறிக்கைகளிலிருந்து. கர்நாடகத்துக்கென 2011-ல் தனி நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. அதற்கென ஆணையமும் இருக்கிறது. 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை வந்தபிறகு பெரிய திட்டங்களுக்கு நீரியல் ஆய்வு தவிர்க்க முடியாதது. நேபெட் அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து, ஒரு மூத்தவரின் கீழ் சில வருடம் இருந்தால் பெயர் வரும். தொடக்கத்தில் வெட்டி ஒட்டும் வேலை கொடுப்பார்கள். களத்துக்கே போகாமல் பழைய அறிக்கையில் ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லும் இடமும் உண்டு. அப்படிச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். அந்த அறிக்கையை நம்பி ஒரு ஊரே தண்ணீரை இழக்கும்.

ஆராய்ச்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அது தேர்ந்தெடுக்கும் விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அது ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. பெங்களூரில் ஐ.ஐ.எஸ்சி.யின் புவி அறிவியல் மையம், ஹைதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமான என்.ஜி.ஆர்.ஐ. என்று பக்கத்திலேயே நல்ல இடங்கள். ஒரு கேள்வி ஐந்து வருடம் தூங்க விடாது என்றால் போங்கள். வேலை கிடைக்கவில்லையே என்று பிஎச்.டி. சேர்ந்தவர்கள் நடுவில் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாநில அரசு வேலை என்று வரும்போது பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைக்கு வரும் இடைஞ்சல் வேறு. கர்நாடகச் சுரங்க, புவியியல் துறையின் தலைமையகம் ரேஸ்கோர்ஸ் ரோட்டில்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியில் கன்னடம் படிக்காதவர் மாநிலத் தேர்வாணையத்தின் கன்னட மொழித்தாளில் தேற வேண்டும். தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. உதவிப் புவியியலாளர் தேர்வு எழுதலாம் என்றால் அங்கே பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள். இடஒதுக்கீடும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மட்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்ந்த பிள்ளை இரண்டு வாசலிலும் தடுமாறுகிறது. கன்னடம் எழுதப் படிக்கப் பழகுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். தேர்வுக்காக மட்டும் சொல்லவில்லை. கிராமத்தில் கிணற்றடியில் பேச அது வேண்டும். தமிழ் எழுத மறந்தவர்கள் அதையும் மீட்டெடுங்கள்.

வெளிநாட்டுத் தகுதிகளைப் பற்றியும் கேட்டாள். லண்டன் ஜியாலஜிக்கல் சொசைட்டியின் சார்ட்டர்ட் ஜியாலஜிஸ்ட், கனடாவின் பி.ஜியோ., அமெரிக்க மாநிலங்களின் பி.ஜி. உரிமம். மூன்றும் மதிப்புள்ளவை, மூன்றும் அனுபவத்துக்குப் பிறகு வருபவை. 22 வயதில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு தனி நோட்டு வைத்து, எந்தத் தேதியில் எந்த இடத்தில் என்ன வேலை, யார் மேற்பார்வை என்று எழுதிக்கொண்டே வருவது. பத்து வருடம் கழித்து அந்த நோட்டைத்தான் கேட்பார்கள். அப்போது நினைவிலிருந்து எழுத முடியாது.

வெயில் ஏறிப் பாறை சுடத் தொடங்கியது. எழுந்திருக்கும்முன் நோட்டில் அவளே எழுதினாள். கடைசி செமஸ்டரிலேயே யு.பி.எஸ்.சி. முதல் முயற்சி. 26 வயதுக்குள் அணுக் கனிம இயக்ககம். கேட் இந்த வருடமும் அடுத்த வருடமும். ரிசல்ட் வந்த மாதமே ஃபீல்டு வேலை, எது முதலில் கிடைக்கிறதோ அது. அடிக்கோடு போட்டு: பதவியின் பெயரில் ‘ஜியாலஜிஸ்ட்’ இருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் போன் வந்தது. இரண்டு ஆர்டர். வைட்ஃபீல்டில் ஒரு மேப்பிங் வேலை. ராய்ச்சூர் பக்கம் ஒரு டிரில்லிங் கேம்ப். கேம்ப் சம்பளம் மாதம் 7,000 ரூபாய் குறைவு. ஆர்டரில் ‘ஃபீல்டு அசிஸ்டென்ட்’ என்று போட்டிருந்தார்களாம். இவள் தயங்காமல் கேட்டு ‘ஜியாலஜிஸ்ட்’ என்று மாற்றி வாங்கியிருக்கிறாள். பிப்ரவரியில் தேர்வுக்குச் சம்பளம் இல்லாத விடுப்பும் எழுத்தில் வாங்கியிருக்கிறாள். அவள் அப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. “ஒரு வருஷம் பார்ப்போம் மாமா, ரெண்டாவது முயற்சியும் எழுதுவா” என்று நான் அவரிடம் பேசினேன். சரி என்றார், கொஞ்சம் நேரம் கழித்து.

“சித்தி, உங்க பழைய லென்ஸ் குடுப்பீங்களா? கடையில வாங்கினது மங்கலா தெரியுது” என்றாள். கலபுரகியில் கழுத்தில் மாட்டியிருந்த பத்து மடங்கு லென்ஸ். கயிறு மட்டும் புதிதாக மாற்றி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.